தராசு முள்ளும் மின் இரைச்சலும்

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கும் வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களுக்கு இரைச்சல் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மாலை நேரத்தில் கடல் பக்கமாகக் கருமேகம் திரண்டால், லயத்து வானொலிப் பெட்டி கரகரக்கத் தொடங்கிவிடும். பாட்டு ஒரு புறம் இழுக்கும். இடியோசை மறுபுறம் கிழிக்கும். பாட்டுக்கும் கரகரப்புக்கும் இடையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கரகரப்புக்கும், இன்று செம்பனை ஆலையின் எடைமேடையில் இலக்கங்கள் ஒரு நிலையில் நில்லாமல் துள்ளுவதற்கும் உறவு உண்டு. பள்ளி மாணவர் ஒருவர் சிறியதொரு நுண்கட்டுப்படுத்தியை வாங்கி, ஈரமானியையோ வெப்பமானியையோ இணைத்துப் பார்க்கும்போது, திரையில் 512, 509, 517, 511 என்று எண்கள் ஆடுகின்றனவே, அதற்கும் உறவு உண்டு. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் பெயர் மின் இரைச்சல். மனிதன் அதனோடு போராடிய வரலாற்றையும், அந்த வரலாறு நம் தோட்டப்புறத்தைத் தொட்ட இடங்களையும் இன்றைய உரையில் காண்போம்.

முதலில் ஒரு கேள்வி. அளவு சற்று ஆடினால் என்ன குடிமுழுகிப் போகும்? இதற்கு விடை விஞ்ஞானக் கூடத்தில் இல்லை. பால் கொட்டகையில் இருக்கிறது.

இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்கிலிருந்து பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து கொட்டகைக்கு வந்தார் தொழிலாளி. அங்கே இரண்டு அளவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, பாலின் எடை. மற்றொன்று, அந்தப் பாலில் உண்மையான இரப்பர் எவ்வளவு என்பது. பாலில் பெரும்பகுதி தண்ணீரே. இரப்பர் நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் இருக்கும். மரத்தின் இனம், பருவம், மழை ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். இதைக் கணிக்க மெட்ரோலாக் என்னும் கண்ணாடி மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தார்கள். நுரை மிகுந்தாலும், வெயிலில் பால் சூடேறியிருந்தாலும், கலந்த தண்ணீரின் அளவு பிசகினாலும் அந்தக் கோடு மாறிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 30 கிலோ பால் கொண்டுவந்தார் என்று கொள்வோம். நூற்றுக்கு 32 பங்கு என்றால் அவர் கணக்கில் ஏறும் இரப்பர் 9.6 கிலோ. கருவி 30 என்று காட்டிவிட்டால் 9 கிலோ. வேறுபாடு 0.6 கிலோதான். மாதத்தில் 25 நாள் வேலை செய்தால் அது 15 கிலோவாகிவிடும். சம்பளம் இரப்பரின் எடையோடு இணைக்கப்பட்டிருந்த காலத்தில் இந்த 15 கிலோ, பிள்ளையின் பள்ளிச் சட்டையாகவோ கடைக்காரரின் பழைய பாக்கியாகவோ இருந்திருக்கும். 1954-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பின்பும், சம்பளப் பேச்சுகளில் கூலி விகிதம் பற்றி வாதாடியது போலவே கொட்டகையில் அளவு பற்றியும் வாதாட வேண்டியிருந்தது. அளவு என்பது வயிற்றோடு தொடர்புடைய செய்தி.

இனி மின்சாரத்திற்கு வருவோம். சிலாங்கூர் மாநிலத்தில் மின்சாரத்தின் கதை ரவாங்கில் தொடங்குகிறது. பத்துமலை முருகன் கோயில் தோன்றக் காரணமாயிருந்த தம்புசாமிப் பிள்ளையும், சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் 1894-ஆம் ஆண்டில் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினர். ரவாங் கோல சிலாங்கூர் மாவட்டத்திற்கு அண்டை ஊர். ஆயினும் அந்த ஒளி தோட்டத்து லயங்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஆலையும் துரை பங்களாவும் முதலில் வெளிச்சம் பெற்றன. லயங்களில் பல, தோட்டத்து டீசல் எஞ்சின் ஓடும் சில மணி நேரம் மட்டுமே விளக்கைக் கண்டன. இந்தத் தோட்டத்து மின்சாரம், அளவுக்கருவிகளின் கதையில் பின்னர் மீண்டும் வரும். இப்போதைக்கு அதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மின் சைகையை முதன்முதலாக இரைச்சல் பெரிதாகத் தொல்லைப்படுத்தியது கடலடியில்தான். 1858-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. ஆயிரக்கணக்கான மைல் நீளம். ஒரு முனையில் கொடுத்த கூர்மையான சைகை, மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது தேய்ந்து, பரந்து, அடையாளமே தெரியாமல் போயிற்று. ஒரு பொறியாளர், சத்தமாகக் கத்தினால் கேட்கும் என்று நினைப்பவரைப் போல, மின்னழுத்தத்தை மிகவும் உயர்த்திச் செலுத்தினார். சில வாரங்களில் கம்பி செத்துப் போயிற்று. பின்னர் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் வேறு வழி கண்டார். மிகச் சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காந்தத்தோடு பட்டு நூலில் தொங்கவிட்டு, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி சுவரில் நகர்வதைக் கவனிக்கச் செய்தார். குறைந்த மின்சாரமே போதும். கேட்கும் முறை நுட்பமாக இருந்தால் சரி.

அந்த அறிவின் பயன் நம் பக்கமும் வந்தது. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்கிற்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி நம் முன்னோர் கடந்த அதே வங்கக் கடலின் அடியில், தேய்ந்த சைகைகளைச் சரியாகப் படித்தறியும் கலை வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்தது தொலைபேசி. தொடக்கத்தில் ஒற்றைக் கம்பியில் பேச்சை அனுப்பி, திரும்பும் மின்னோட்டத்திற்கு நிலத்தையே பயன்படுத்தினர். பக்கத்தில் மின்சாரக் கம்பி போனால் போதும், தொலைபேசி முழுவதும் உறுமல். 1881-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், பொதுவாக வந்த இரைச்சல் தானே கழிந்துபோகும். மல்லிகைச் சரம் போல முறுக்கிய அந்தக் கம்பி இன்றும் அளவுக்கருவிகளில் பயன்படுகிறது.

பிறகு வானொலி வந்தது. மலேயா வானொலி 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகள் வழங்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்பதற்கு வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஆனால் மலாக்கா நீரிணைக் கரையோரம் உலகில் இடிமழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராக் காற்றும் இடியையும் மழையையும் கூடவே கொண்டு வரும். ஒவ்வொரு மின்னலும் இயற்கையே அமைத்த ஓர் ஒலிபரப்பு நிலையம். அதன் அலை மத்திய அலைவரிசையில் எளிதாகப் புகுந்துவிடும். இதனால்தான் வெப்பமண்டல நாடுகளுக்கென்றே சிற்றலையின் சில பகுதிகள் உலக நாடுகளின் உடன்பாட்டால் ஒதுக்கப்பட்டன. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பண்பலை முறை இன்னும் சிறந்த தீர்வாயிற்று. மின்னல் அலையின் உயரத்தைக் குலைக்கும். ஆர்ம்ஸ்ட்ராங்கோ செய்தியை உயரத்தில் வைக்காமல், அலையின் அதிர்வு எண்ணில் ஏற்றி அனுப்பினார். திருடன் வரும் அறையில் நகையை வைக்காதிருப்பது போன்ற யோசனை இது. இன்று மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு மின்னல் என்ற பெயரோடு பண்பலையில் ஒலிக்கிறது. வானத்து மின்னலின் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிய மின்னல் அது.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் இரைச்சல். கருவிக்கு உள்ளேயே பிறக்கும் இரைச்சலும் உண்டு. 1918-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ஷாட்கி, மின்னோட்டம் என்பது தண்ணீர் போல வழுவழுப்பாக ஓடுவதன்று, எலக்ட்ரான்கள் தனித்தனியாக வந்து விழுவது என்றும், கூரைத் தகரத்தில் மழைத்துளி விழுவது போல அது ஓசை எழுப்பும் என்றும் விளக்கினார். 1928-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சனும் நைக்விஸ்ட்டும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். வெப்பத்தின் காரணமாக எந்தத் தடைக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைச்சலே சிறு மின்னழுத்தமாக வெளிப்படும். அதன் அளவையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். இதைவிடத் தாழ்வான இரைச்சல் வேண்டுமென்றால் கருவியைக் குளிரூட்ட வேண்டும், தடையைக் குறைக்க வேண்டும், அல்லது அளக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேறு வழியில்லை.

இந்த எல்லையைத் தெரிந்துகொண்ட பின்னர்தான் ஒரு புதுமையான எண்ணம் பிறந்தது. பாரிஸில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், 1938-ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு காப்புரிமை பெற்றார். பேச்சை அப்படியே கம்பியில் அனுப்பினால், வழியில் உள்ள ஒவ்வொரு பெருக்கியும் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். ஆகவே பேச்சின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக்கி, அந்த எண்ணையே துடிப்புகளாக அனுப்பலாம் என்றார் ரீவ்ஸ். துடிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும்; சிறு கரகரப்பு அதை மாற்றாது. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியின் மேல் 1907-ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தை எண்ணிப் பாருங்கள். மூடுபனியில் ஒளி மங்கினாலும், விளக்கு எரிகிறதா அணைகிறதா என்பது மாலுமிக்குத் தெரியும். அனலாக் அளவை டிஜிட்டல் எண்ணாக மாற்றும் கருவி, இரைச்சலை வெல்வதற்கென்றே பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணாக மாறிய பிறகுதான் இந்தப் பாதுகாப்பு. மாறுவதற்கு முன்னால் கலந்துவிட்ட இரைச்சல், எண்ணுக்குள்ளேயே குடியேறிவிடும். ஆகவே போர்க்களம் மாற்றியின் வாசலுக்கு நகர்ந்தது. நம் காலத்துச் சிக்கல் முழுவதும் அந்த வாசலில்தான்.

இப்போது தோட்டத்திற்குத் திரும்புவோம். 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றம் பெற்றது. அதற்குள் சுற்றுவட்டாரத்து இரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனையாக மாறிவிட்டன. மெட்ரோலாக் மிதந்த கொட்டகையின் இடத்தை ஆலையின் எடைமேடை பிடித்துக்கொண்டது. குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறும், எடை கணினியில் பதியும், பணம் அதன்படி.

எடைமேடையின் இதயம் திரிபளவி என்னும் சிறு கம்பிப் படலம். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் இதைக் கண்டுபிடித்தனர். ரீவ்ஸ் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டுதான். எஃகுத் தூண் பாரத்தால் இம்மியளவு நசுங்கும்போது, அதன்மேல் ஒட்டிய கம்பியின் தடை மாறும். அந்த மாற்றம் மின்னழுத்தமாக வெளிவரும். வழக்கமான எடையுணரிக்கு 10 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்தில் அது திருப்பித் தருவது 20 மில்லிவோல்ட். மேடையின் கொள்ளளவு 40 டன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 கிலோ எடைக்குக் கிடைப்பது 10 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டை இலட்சம் பங்கு செய்தால் அதில் ஒரு பங்கு.

ஜான்சன் காட்டிய வெப்ப இரைச்சல் இதை விழுங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 350 ஓம் தடையுள்ள உணரியில், நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வு அகலத்தில் அளந்தாலும் அது கால் மைக்ரோவோல்ட் அளவே. இயற்கை விதித்த எல்லைக்கும் நம் தேவைக்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தை அடைத்துக்கொள்வது மனிதனே உண்டாக்கிய இரைச்சல். ஆலையின் மோட்டார்களும், சுவிட்சுகளும், பற்றவைக்கும் கருவிகளும், ஆளுக்கொரு கைத்தொலைபேசியும் எழுப்பும் இரைச்சல் மில்லிவோல்ட் கணக்கில் கம்பியில் ஏறக்கூடும். இயற்கை செய்த தடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனிதன் செய்த தடையை மனிதன் நீக்கலாம்.

இங்கேதான் நுண்கட்டுப்படுத்தி வருகிறது. கணக்கிடும் மூளையையும் நினைவையும் ஒரே சில்லில் அடக்கிய இக்கருவிகள் 1970-களில் சந்தைக்கு வந்தன. 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த சில்லு முன்னோடிகளுள் ஒன்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனம், அனலாக்–டிஜிட்டல் மாற்றியையும் அதே சில்லுக்குள் வைத்து ஒன்றை வெளியிட்டது. இதே காலத்தில்தான் மலேசியாவுக்கும் சில்லுத் தொழில் வந்தது. 1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை தொடங்கியது. சிலாங்கூரில் சுங்கைவே, உலு கிள்ளான் வட்டாரங்களிலும் மின்னணு ஆலைகள் எழுந்தன. தோட்டப்புறத்திலிருந்து நகரை நோக்கிச் சென்ற தமிழ்ப் பெண்கள் பலரும் அத்தகைய ஆலைகளில் வேலை செய்தனர். தாய் பால்மரம் வெட்ட, மகள் பூதக்கண்ணாடி வழியே முடியினும் மெல்லிய கம்பியை இணைத்த குடும்பங்கள் உண்டு.

மூளையையும் மாற்றியையும் ஒரே சில்லில் வைத்ததால் விலை குறைந்தது. ஆனால் சிக்கலும் கூடவே வந்தது. மூளை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்வழங்கியிலிருந்து ஒரு வாய் மின்சாரத்தை இழுக்கிறது. பக்கத்தில் அமர்ந்து நுட்பமாக அளந்துகொண்டிருக்கும் மாற்றிக்கு அது பெரும் ஆர்ப்பாட்டம். பத்து பிட் மாற்றி 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். மின்வழங்கி 20 மில்லிவோல்ட் நடுங்கினால், அளவு நான்கு படி ஆடும். மாணவரின் திரையில் எண்கள் துள்ளுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதற்குரிய மருந்துகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம், முதலில் செய்ய வேண்டியதை விட்டுவிட்டுக் கடைசியில் உள்ளதைச் செய்பவர்களே மிகுதி.

முதலாவது, இரைச்சல் பிறக்குமிடத்திலேயே அதை அடக்குவது. ரிலேயும் மோட்டாரும் தனி மின்வழங்கியில் இருக்கட்டும். சில்லின் மின்கால்களை ஒட்டியே சிறு மின்தேக்கியை வைக்க வேண்டும். அது வாசலில் வைத்த தண்ணீர்க் குடம் போன்றது; மூளைக்குத் தாகமெடுக்கும்போது தெருக்குழாய் வரை ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது, வரும் வழியைக் காப்பது. உணரியின் கம்பிகளை முறுக்கி, உலோக உறை போட்டு, மின்சாரக் கம்பிகளுக்குத் தொலைவாகக் கொண்டுவர வேண்டும். பெல் சொன்னது இன்றும் செல்லும்.

மூன்றாவது, நில இணைப்பு. மோட்டாரின் திரும்பும் மின்னோட்டமும் உணரியின் திரும்பும் மின்னோட்டமும் ஒரே கம்பியில் நடந்தால், முன்னதன் கனத்தால் பின்னதன் தரையே ஆடும். இரண்டும் தனித்தனியாக வந்து ஓரிடத்தில் மட்டும் சேர வேண்டும்.

நான்காவது, மாற்றியின் வாசலில் ஒரு தடையும் ஒரு மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி. நமக்கு வேண்டிய அளவு மெதுவாக மாறுவது. இரைச்சலோ விரைவாக மாறுவது. வடிகட்டி விரைவானதை நிறுத்திவிடும். மாற்றி படிக்கும் வேகத்தின் பாதியைவிட விரைவான அலைகளை இங்கேயே நிறுத்தாவிட்டால், அவை மெதுவான அலைகளைப் போல வேடம் போட்டு உள்ளே நுழையும். பிறகு எந்தக் கணக்காலும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாவது, அளக்கும் நேரத்தில் மூளையை உறங்க வைப்பது. பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் அர்டுயினோ பலகை 2005-ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றியது. அதன் பல வகைகளில் உள்ள சில்லில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூளை தூங்கும், மாற்றி அமைதியாக அளக்கும், அளந்து முடித்ததும் மூளையை எழுப்பும்.

ஆறாவதுதான், பலமுறை அளந்து சராசரி எடுப்பது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னுவதைப் பார்த்தவர்கள் பலர். ஒவ்வொரு பூச்சியின் ஒளியும் சிறிது. எல்லாம் ஒரே கணத்தில் மின்னுவதால் மரமே விளக்காகிறது. தாறுமாறாக மின்னினால் மங்கலான பூச்சாகத்தான் தெரியும். உண்மையான அளவு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வருவதால் கூடிக்கொண்டே போகிறது. இரைச்சலோ ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் வருவதால் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. இரைச்சலைப் பாதியாக்க நான்கு முறை அளக்க வேண்டும். நாலில் ஒன்றாக்கப் பதினாறு முறை. எட்டில் ஒன்றாக்க 64 முறை. ஆகவே முதல் ஐந்தையும் செய்யாமல் சராசரியை மட்டும் நம்புபவர், ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பவரைப் போன்றவர்.

சராசரி எடுக்கும் கால அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. சரியாக 20 மில்லிநொடி முழுவதும் அளந்து சராசரி எடுத்தால், அலையின் மேடும் பள்ளமும் சமமாகக் கழிந்து, உறுமல் மறைந்துவிடும். டிஜிட்டல் வோல்ட்மானிகள் நெடுங்காலமாக இம்முறையைக் கையாள்கின்றன. 1962-இல் டோக்கியோவில் இனோசே, யசுதா, முராகாமி ஆகியோர் வெளியிட்ட ஒரு முறையிலிருந்து வளர்ந்த மாற்றிகள், இன்று எடையுணரிகளுக்கென்றே மலிவாகக் கிடைக்கின்றன. 50 அதிர்வை நீக்கும் வடிகட்டி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னர் சொன்ன தோட்டத்து மின்சாரத்திற்கு வருவோம். செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியால் சொந்தமாக மின்சாரம் ஆக்கிக்கொள்கின்றன. பாரம் ஏறி இறங்கும்போது அத்தகைய மின்னாக்கியின் அதிர்வு எண் சரியாக 50-இல் நிற்பதில்லை. 48-க்கோ 51-க்கோ நகரக்கூடும். அப்போது 20 மில்லிநொடி என்ற சன்னல் அலையோடு பொருந்தாது. உறுமலின் ஒரு பகுதி எஞ்சிவிடும். நகரத்து ஆய்வுக்கூடத்தில் சாதுவாக இருந்த கருவி, ஆலையில் துள்ளுவதற்கு இது ஒரு காரணம். கருவியைத் தோட்டத்து நிலைமையில் வைத்துப் பார்த்துத்தான் தோட்டத்திற்கு ஏற்றதா என்று சொல்ல வேண்டும்.

மெட்ரோலாக்கின் இடத்திலும் அறிவியல் புகுந்தது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில், அது விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்தபோதே, மைக்ரோ அலையைக் கொண்டு இரப்பர்ப் பாலை அளக்கும் கருவியை உருவாக்கும் ஆய்வு நடந்தது. தண்ணீர் மைக்ரோ அலையை மிகுதியாக விழுங்கும். இரப்பர் மிகக் குறைவாக விழுங்கும். எவ்வளவு அலை விழுங்கப்பட்டது என்று பார்த்தால், தண்ணீர் எவ்வளவு, இரப்பர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நுரையிலும் வெயிலிலும் சிக்கித் தவித்த அளவுக்கு நம் நாட்டிலேயே தேடப்பட்ட விடை அது.

நேயர்களே, கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன மருந்துகள் எல்லாம் தற்செயலாக ஆடும் பிழைக்கு உரியவை. இன்னொரு வகைப் பிழை உண்டு. அது ஆடாது. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். எடைமேடை ஒவ்வொரு முறையும் 40 கிலோ குறைத்தே காட்டுகிறது என்றால், ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் 40 கிலோ குறைவுதான். அதுவும், இரைச்சலை நீக்கிவிட்டதால் இலக்கம் அசையாமல் நிற்கும், பார்ப்பவர் நம்பிவிடுவார். அசையாத எண் எல்லாம் உண்மையான எண் ஆகிவிடாது. இந்தப் பிழைக்கு ஒரே மருந்து, அறிந்த எடையை மேடையில் வைத்துச் சரிபார்ப்பது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம், வணிகத்தில் பயன்படும் எடைக்கருவிகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்று விதிப்பது இதனால்தான். திருவள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்ல வந்தபோது துலாக்கோலையே உவமையாக எடுத்துக்கொண்டார். துலாக்கோலுக்கு இரண்டு கடமைகள் உண்டு: முதலில் தான் சமமாக நிற்பது, பிறகு வைத்ததைச் சீராகத் தூக்குவது. இரைச்சலை நீக்குவது இரண்டாவது கடமைக்கு உதவும். முதற்கடமைக்கு மனிதனே பொறுப்பு.

பால் கொட்டகையில் மெட்ரோலாக்கின் கோட்டை எட்டிப் பார்க்கக்கூடத் தயங்கி நின்ற தலைமுறை ஒன்று இருந்தது. கருவி என்ன சொல்கிறது என்பதைக் கிராணி சொல்லித்தான் அது அறிந்தது. இன்று அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் சில வெள்ளி விலையில் ஒரு நுண்கட்டுப்படுத்தியை வாங்கி, வீட்டு மேசையில் வைத்து, எண் ஏன் ஆடுகிறது என்று தாங்களே ஆராய முடிகிறது. ஆடும் எண்ணைக் கண்டு எரிச்சல் அடைய வேண்டாம். அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். கம்பியை முறுக்கிப் பாருங்கள். மின்தேக்கியை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஏட்டில் எழுதுங்கள். அறிந்த எடையை வைத்துச் சரிபார்க்கவும் மறவாதீர்கள். அளவை அறிந்தவரை யாரும் அளவில் ஏமாற்ற முடியாது.